ஏழாம் எண் மாத்திரை

மார்ச் 3

ஏய் தையக்காரி,

கூப்பிடலதான். ஆமா. நீ மூணு தடவை சொன்னே, மூணு தடவையும் காதுல விழுந்துச்சு. "சின்னவனை வரச்சொல்லுங்க"ன்னே. தலையாட்டினேன். தபால் ஆபீசுக்குப் போறேன்னு செருப்பும் மாட்டினேன். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அதுக்குத்தான் இந்த முறைப்பா?

கடுதாசின்னா முதல்ல சுகம் விசாரிக்கணும், அதுகூடத் தெரியாதவன் இல்ல நான். நான் சுகம். உன் சுகத்தை எப்படிக் கேக்கறது? நீ போய் இன்னியோட ஆறு நாள். போனவ போனவளா இருக்கணும். மிஷினுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா நான் எங்க போய்ச் சொல்றது? வாயால சொன்னா பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கறா. அதான் உன் அளவு நோட்டுல, பின்பக்கத்துல எழுதறேன். படிச்சுக்கோ.

உன் தம்பி, அந்தச் சின்னவன், எங்க இருக்கான்னு உனக்கே தெரியும். மருந்துக் கம்பெனிக்காரங்களோட சர்க்கார் பேரம் பேசற கமிட்டி. பேச்சு முடியற வரைக்கும் ஒரே கட்டடத்துல அடைச்சு வச்சிருக்காங்க, போன் கிடையாது. கடுதாசி மட்டும் போகும், அதையும் ஒருத்தர் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாரு. இழவுன்னு எழுதினா அன்னிக்கே கிளம்பிருவான். எழுந்து வந்தவனைத் திரும்ப உள்ள விடமாட்டாங்க. அவன் நாற்காலியில உட்காரப் போறவன் அந்த உதவி அதிகாரி, கம்பெனிக்காரன் பேனாவை நீட்டினா எந்த இடத்துல கையெழுத்துன்னு கேக்கற ஆளு. இதெல்லாம் உன் தம்பி சொன்னதுதான்.

என்ன? அது மட்டுமில்லையா?

சரி, அதையும் எழுதிடறேன். உள்ள போறதுக்கு முந்தின நாள் நம்ம மேசையில டீ குடிச்சுக்கிட்டே வாய் தவறிச் சொன்னான். "அக்கா, உன் மாத்திரை இந்தத் தடவை லிஸ்ட்ல இருக்கு. ஏழாம் எண். ரெண்டே மாசம். இப்போ மொத்தமா வாங்கி வைக்காதீங்க." வெளிய சொல்லக்கூடாத ரகசியம், பாசத்துல சொல்லிட்டான். கேட்ட எனக்குப் புத்தி எங்க போச்சு? துணிக்கடை லிப்ட்ல முப்பத்தோரு வருஷம் நின்னவன் நான். நாளைக்குத் தள்ளுபடின்னா இன்னிக்கு முழு விலைக்கு வாங்கிட்டு இறங்கறவங்களைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சவன். "இருக்கறதைப் பாதி பாதியா உடைச்சு முழுங்கு, விலை இறங்கினதும் பெட்டியோட வாங்கிக் குடுக்கறேன்"னு சொன்னது நான். நீயும் சரின்னே. ஆறு வாரம் பாதி.

இந்தப் பக்கம் தீந்துபோச்சு. முறைக்காம சாப்பிடு. என்ன எழுதறேன் பாரு, நீ எங்க சாப்பிடறது.

உன் லிப்ட்காரன்

*

மார்ச் 9

கணக்குப்புள்ள மாப்ளைக்கு உன் அத்தான் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். பல்லுல ரெண்டு குறைஞ்சிருக்கு, வாயில ஒண்ணும் குறையல. நீ எப்படி இருக்கே? அங்க சோறு எப்படி, அளந்து போடறாங்களா, இல்ல அதுக்கும் பேரம் பேசணுமா?

இதைப் பிரிச்சுப் படிக்கிற அய்யாவுக்கும் வணக்கம். உங்க உடம்பு எப்படி? அடுத்தவன் கடுதாசியைப் படிச்சுச் சம்பளம் வாங்கற உத்தியோகம் எனக்கு வாய்க்கலையேன்னு பொறாமையா இருக்கு. எழுத்துல தப்பு இருந்தா திருத்திக்குங்க. நான் அஞ்சாவதோட நின்னவன். நானா நிக்கல, வாத்தியார் வெளிய நிக்க வச்சாரு, அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்.

மாப்ள, உன் அக்காவைப் பத்திக் கேப்பே. கால் வீக்கம் இப்போ இல்ல. மாடிப்படி ஏறினா இரைக்குமே, அதுவும் இல்லவே இல்ல. நான் ஒரு பேச்சு பேசினா ஒன்பது பேச்சு பேசுவாளே, அதையும் குறைச்சுக்கிட்டா. முறைக்கறது மட்டும் அப்படியே இருக்கு. அவளைப் பத்திக் கவலைப்படாத. நான் பக்கத்துலயே இருக்கேன்.

கம்பெனிக்காரனை விடாத. உடம்பைப் பாத்துக்கோ.

அத்தான்

*

மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

உங்கள் கடிதம் பத்து நாள் கழித்துக் கைக்கு வந்தது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. அக்காவுக்கு வீக்கமும் இரைப்பும் இல்லை என்று படித்தபோது எனக்கே மூச்சு வந்தது போலிருந்தது.

எதிரே மூன்று பேர் உட்காருகிறார்கள். நல்ல மனிதர்கள், தினமும் என் உடல்நலம் விசாரிக்கிறார்கள். பிறகு ஒரு தாளை மேசையில் தள்ளி, இதற்குக் கீழே என்றால் மருந்தை உங்கள் நாட்டுக்கே அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். மற்ற நாடுகளுக்கு என்ன விலை என்று கேட்டால் அது ரகசியம் என்கிறார்கள்.

(இங்கே இரண்டு வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.)

நான் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பழைய மாத்திரையைவிட இது எத்தனை பேரைக் கூடுதலாக உயிரோடு வைத்திருக்கிறது? அவர்கள் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்குள் அக்காவும் ஒருத்தி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அதன்பின் எனக்குப் பயம் வருவதில்லை.

இரண்டு மாதம் என்று நினைத்தது நீளும் போலிருக்கிறது. அக்கா ஏன் கடிதத்தின் அடியில் எதுவும் எழுதவில்லை? எப்போதும் ஒரு வரியாவது திட்டி எழுதுவாளே. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சின்னவன்

*

ஏப்ரல் 6

மாப்ள,

கடுதாசி கிடைச்சுது. ரெண்டு தடவை படிச்சேன், ஒரு தடவை சத்தமா. மிஷின் பக்கத்துல உட்கார்ந்து கேட்டா.

தூக்கம் குறைஞ்சா கண்ணுல தெரியும். கண்ணுல தெரிஞ்சா எதிராளிக்குத் தெரியும். அதனால தூங்கு. கறுப்பு மை அடிக்கிற அய்யா, உங்களுக்கும் அதேதான், கண்ணு போயிடும். உடம்பு பரவாயில்லையா?

ஒரு விஷயம் சொல்றேன் கேளு. எங்க கடைக்குச் சரக்கு விக்க வர்றவங்க என் லிப்ட்லதான் அஞ்சாவது மாடி ஏறுவாங்க. முதலாளிகிட்ட "இதுக்குக் கீழ குடுத்தா என் புள்ளைங்க பட்டினி"ன்னு அழுதுட்டு வருவாங்க. இறங்கும்போது லிப்ட்ல ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்குவாங்க, "இன்னும் நாலுல ஒரு பங்கு இறங்கியிருப்பேன், நல்லவேளை கேக்கல." நான் ஒருத்தன் நிக்கறதே அவங்க கண்ணுக்குத் தெரியாது. லிப்ட்ல பட்டன் எப்படியோ நானும் அப்படி. அதனால அவங்க அழறதை நம்பாத. புள்ளைங்க நல்லாவே சாப்பிடும்.

அக்கா எழுதலையான்னு கேட்டே. நோட்டையும் பேனாவையும் முன்னால வச்சேன். தொடல. எனக்கே நேரா பதில் இல்ல, உனக்கு எங்க எழுதுவா. கோவம் என்மேலதான், உன்மேல இல்ல.

பத்திரமா இரு.

அத்தான்

*

ஏப்ரல் 30

அத்தான்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. அக்கா கோபத்தில் பேசாமல் இருப்பாள், எழுதாமல் இருந்ததில்லை. அப்பா இறந்த வாரம்கூட, பரீட்சையை விட்டுவிடாதே என்று எனக்கு எழுதியவள் அவள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உள்ளே வருவதற்கு முந்தைய நாள் நம் மேசையில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். நினைவிருக்கும். அதை இங்கே எழுத முடியாது. அதை மனதில் வைத்து எதையும் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். அக்காவுக்கு ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முழுதாக, வேளைக்கு. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் விடுப்புக்கு மனு கொடுத்திருக்கிறேன். போனால் திரும்ப உள்ளே வர முடியாது, தெரியும். உதவி அதிகாரி ஒரே வாரத்தில் முடித்துவிடுவார், எப்படி முடிப்பார் என்பதும் தெரியும். ஆனாலும் அக்கா கையால் ஒரு வரி வராவிட்டால் பதினைந்தாம் தேதி கிளம்பிவிடுவேன்.

சின்னவன்

*

மே 5

ஏய்,

இன்னிக்கு நீயே என் பின்னால வந்து நின்னே. கழுத்துல காத்து பட்டுச்சு. ஜன்னல் சாத்தியிருக்கு. என்ன எழுதறேன்னு எட்டிப் பாக்கறியா? பாரு. ஒளிக்க என்ன இருக்கு.

உன் எழுத்துதான் எழுதிப் பழகறேன். இந்த நோட்டுலயே இருக்கே, தோள் பதினாலு, கை எட்டு, கழுத்து இறக்கம் வேண்டாமாம். நீ எழுத்தைச் சாய்ச்சுப் போடுவே, பஸ் திரும்பும்போது கம்பியைப் புடிச்சு நிக்கறவ மாதிரி. காலையிலேருந்து மூணு பக்கம் எழுதிட்டேன். விரல் வலிக்குது. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல உன் சொல்லை நான் இவ்வளவு கவனமாக் கேட்டதில்ல.

அவன் கேக்கறான் பாத்தியா, முழுசா, வேளைக்குன்னு. ரெண்டு மாசம் லேட்டாக் கேக்கறான். இப்போ அவன் வந்து என்ன பண்ணுவான்? உன்னைக் கொண்டுபோய் முடிச்ச இடத்துல நின்னு அழுவான். அப்புறம் என்னைக் கேப்பான், அக்கா எப்படிப் போனான்னு. நான் வாயைத் திறந்தா அவன் பாதி ஆளாயிடுவான். திறக்கலேன்னாலும் கணக்குப்புள்ள, கணக்குப் போட்டுருவான். அங்கயே இருந்தா விலையாவது இறங்கும். ஊர்ல எத்தனை வீட்டுல இந்நேரம் என்னை மாதிரி ஒரு புத்திசாலி மாத்திரையை உடைச்சுக்கிட்டு இருக்கானோ.

நீ மூணு தடவை கூப்பிடச் சொன்னதை நான் மறைச்சது ஒரு தப்பு. இது ரெண்டாவது. சேத்து வச்சுக்கோ. நான் அங்க வர்றப்போ திட்டு வாங்கிக்கறேன்.

*

மே 6

மாப்ள,

இந்தா, உன் பிடிவாதம் ஜெயிச்சுது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வரி வாங்கியிருக்கேன். நான் சௌக்கியம். அய்யா, நீங்களும் சௌக்கியம்தானே?

கிளம்பாத.

அத்தான்

(கீழே, சாய்ந்த எழுத்தில்)

சின்னவனே, முழுசா வேளைக்கு முழுங்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. பாதியில எழுந்து வந்தே, வாசல்லயே நிக்க வச்சுருவேன். வேலையை முடிச்சுட்டு வா.
அக்கா

*

மே 19

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் தங்கள் கடிதங்களைப் படித்து அனுமதிக்கும் அலுவலர். ஒவ்வொரு கடிதத்திலும் என் உடம்பைப் பற்றி விசாரிக்கிறீர்கள். பதினொரு ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் உண்டு.

உறுப்பினர் ஒருவர் குடும்பத்தாரின் நோயைக் காட்டி விடுப்புக் கேட்டால், நான் மருத்துவமனையில் விசாரித்து உறுதிசெய்ய வேண்டும். விசாரித்தேன். வரவேற்பில் இருந்த பெண் பதிவேட்டைப் பார்த்துப் பிப்ரவரி 25 என்றார். தங்கள் மே 6 கடிதம் அப்போது என் மேசையில் திறந்து கிடந்தது.

கடிதத்தில் மருந்தின் பெயரோ விலையோ இருந்தால் அடிக்க எனக்கு அதிகாரம் உண்டு. வேறெதையும் அடிக்க முடியாது, சேர்க்கவும் முடியாது. அதனால் அப்படியே கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். விடுப்பு மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க அக்கா இப்படித்தான் சார், திட்டினாத்தான் அவளுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று என்னிடம் சொன்னார். நான் பதிவேட்டில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

சரியா தவறா என்று கேட்க நான் யார். ஒரே ஒரு வேண்டுகோள். இனி தங்கள் மனைவியின் எழுத்தில் எழுதாதீர்கள். இன்னொரு முறை என்னால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

கடிதப் பிரிவு அலுவலர்

*

மே 25

அய்யாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. படி ஏறாதீங்க, லிப்ட்ல போங்க, எங்க ஆளுங்களுக்கும் பொழப்பு நடக்கணும்ல.

எழுத மாட்டேன். அன்னிக்கு எழுதினதுக்கே வீட்டுல ஒருத்தி இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல. சிரிக்காதீங்க. நீங்க சிரிக்க மாட்டீங்க, தெரியும்.

அவன் வெளிய வந்ததும் நானே வாயால சொல்லிடறேன். அது வரைக்கும் அவனுக்கு என் கடுதாசி எதுவும் வராது. கேட்டா, கிழவனுக்குச் சோம்பேறித்தனம்னு சொல்லுங்க, நம்புவான்.

அவ போன தேதியைக் கேட்டீங்க, ஏன் போனான்னு கேக்கல. கேக்காததுக்குப் பெரிய கும்பிடு.

லிப்ட்காரன்

*

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு, அத்தான் படித்துக் காட்டவும்,

முடிந்துவிட்டது! நாளை பத்திரிகையில் வரும், இனி மறைக்க வேண்டியதில்லை. உன் மாத்திரை மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் எல்லா மருந்துக்கடையிலும்.

கடைசி நாள் அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், கோப்புகளை மூடிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இறங்கிப் போய்விடு என்பது போல. நான் சட்டைப் பையில் இருந்த உன் வரியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒருவர் உட்கார்ந்தார். அத்தான் சொன்ன நாலில் ஒரு பங்கு நினைவுக்கு வந்தது. அதற்கும் கீழே கேட்டேன். கொடுத்தார்கள்.

இவ்வளவும் உன்னால்தான், அக்கா. பயந்துபோய் ஓடி வரப் பார்த்தேன். நீதான் திட்டி உட்கார வைத்தாய்.

கையெழுத்து வேலைகள் ஒரு வாரம் இருக்கின்றன. பதினெட்டாம் தேதி மதிய பஸ்ஸில் வருகிறேன். புது விலையில் முதல் பெட்டியை நானே வாங்கி உன் கையில் கொடுக்க வேண்டும். வாசலில் நிற்க வைத்துவிடாதே.

உன் சின்னவன்

அத்தான், மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் எழுதவே இல்லை. சோம்பேறித்தனம் என்றார் அலுவலர். சொல்லும்போது ஏன் அவர் கண் கலங்கியது?

*

ஜூலை 18

தையக்காரி,

மணி பன்னெண்டே கால். பஸ் வந்திருக்கும். மருந்துக்கடையில நின்னு பெட்டி வாங்கிட்டு, அந்தத் தெரு தாண்டி, நம்ம தெரு. நோட்டுல இதுதான் கடைசிப் பக்கம். அதனால இன்னிக்கு நீ பேசித்தான் ஆகணும்.

நான் நல்லா இருக்கேன்னு சொல்ல மாட்டேன். சட்டை மாத்திட்டேன், சவரம் பண்ணிட்டேன், கன்னத்துல வெட்டிக்கிட்டேன். நீயும் இன்னிக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கல, கவனிச்சேன். காலையிலேருந்து வாசப்பக்கமே பாத்துக்கிட்டு இருக்கே.

என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன், கேளு. முதல்ல உட்கார வைப்பேன். தண்ணி குடுப்பேன். சுத்தி வளைக்காம நீ போயிட்டேன்னு சொல்லுவேன், பிப்ரவரின்னு சொல்லுவேன். அந்த வரி என் கையெழுத்துன்னும் சொல்லுவேன். அடிச்சா வாங்கிக்குவேன். அடிக்க மாட்டான், நீ வளத்த புள்ள. அதுதான் கஷ்டம்.

அப்புறம் கேப்பான், "மாத்திரை சாப்பிட்டாளா?" அங்கதான் எனக்கு வார்த்தை வரல.

முழுசாத்தான் முழுங்கினா, அப்படியும் போயிட்டான்னு சொல்லலாம். அவன்மேல ஒண்ணும் விழாது. ஆனா ஆறு மாசம் உட்கார்ந்து பேரம் பேசி வாங்கின மாத்திரை, சொந்த அக்காவையே காப்பாத்தாத மாத்திரையாயிடும். கையில பெட்டியோட நிப்பான், அந்தப் பெட்டியே அவனைப் பாத்துச் சிரிக்கும். பாதி பாதியா முழுங்கினான்னு நெசத்தைச் சொன்னா, ஏன்னு கேப்பான். என் புத்தி, என் கஞ்சத்தனம்னு சொல்லுவேன். சொல்லத்தான் போறேன். ஆனா அவன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டான், அந்த மேசையைப் பாப்பான். அந்த டீயை நினைப்பான். "மொத்தமா வாங்கி வைக்காதீங்க." அவன் வாய்தான், அவன் குரல்தான். அதுக்கப்புறம் அவன் எந்த மேசையில உட்காருவான், சொல்லு?

மாத்திரை நல்லதுன்னு சொன்னா அவன் குத்தவாளி. அவன் நல்லவன்னு சொன்னா மாத்திரை மோசம். நான் மட்டும் மாட்டிக்கற மாதிரி ஒரு பொய் இருக்கும், எங்கயாவது இருக்கும். நாப்பது வருஷமா என் பொய் ஒவ்வொண்ணுக்கும் ஓட்டை கண்டுபுடிச்சவ நீ. இன்னிக்கு ஒரே ஒரு தடவை அடைச்சுக் குடு. எது சொல்லட்டும்? தலையாவது ஆட்டு. மறந்துபோய் மாத்திரையை வெயில்ல வச்சுட்டேன்னு சொல்லட்டுமா? கடைக்காரன் வேற அட்டை குடுத்துட்டான்னு?

என்னடி? ஏன் எழுந்துட்டே?

இத்தனை மாசத்துல ஒரே ஒரு தடவைதான் அந்த ஸ்டூலை விட்டு நகந்தவ. கேட் சத்தம் எனக்கும் கேட்டுச்சு, அவன்தான், தெரியும். இரு, முதல்ல எனக்குப் பதில் சொல்லு. நீ போய்க் கதவைத் திறக்க முடியாது, நான்தான் திறக்கணும், எனக்கு ரெண்டு நிமிஷம் குடு. ஏய். திரும்பிப் பாரு. கூப்பிடச் சொன்னே, கூப்பிடல, இப்போ அவனே வந்துட்டான், சரி, உன் கோவம் தீந்துச்சுன்னே வச்சுக்கோ, ஆனா நான் கேட்டதுக்கு நீ இன்னும் ஒரு வார்த்தை